கைகளின் கணக்கு: நாட்டிய நூல்கள் சொல்வதும் மேடை செய்வதும்

பரதநாட்டியம் பயின்ற ஒருவரிடம் பதாக ஹஸ்தம், அதாவது பதாகம் என்ற கைவடிவம், காட்டச் சொன்னால், நான்கு விரல்களையும் ஒட்டி நீட்டி, கட்டைவிரலைச் சற்று மடக்கிக் காட்டுவார். கதகளி ஆசானிடம் அதையே கேட்டால் மோதிர விரலை மடக்கிக் காட்டுவார். பரதநாட்டியக்காரரின் கண்ணுக்கு அது திரிபதாகம் என்ற வேறொரு கை. இருவரும் சாஸ்திரப்படிதான் செய்கிறார்கள், இருவருக்குப் பின்னாலும் சம்ஸ்கிருத நூல் இருக்கிறது. அப்படியானால் எது சரி?

"சாஸ்திரத்தில் இப்படித்தான் சொல்லியிருக்கிறது" என்பது நாட்டிய உலகில் அடிக்கடி கேட்கும் பேச்சு. எந்த சாஸ்திரம், எந்தக் காலத்தது, எந்த மேடைக்காக எழுதப்பட்டது என்ற கேள்விகள் அவ்வளவாக எழுவதில்லை. இந்த நூல்களை வரிசையாக வைத்துப் படித்தால், ஒவ்வொன்றும் தன் காலத்து, தன் ஊரின் ஆட்டத்தைப் பதிவு செய்திருப்பது தெரியும். எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரே மாறாத பட்டியல் எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.

முதலில் பரதரின் நாட்டிய சாஸ்திரம். கி.மு. 2-ஆம் நூற்றாண்டுக்கும் கி.பி. 2-ஆம் நூற்றாண்டுக்கும் இடைப்பட்டது என்று பொதுவாகச் சொல்லப்படும் இந்த நூலில், பெரும்பாலான பதிப்புகளில் 9-ஆம் அத்தியாயம் கைகளைப் பற்றியது. ஒற்றைக் கைகள் 24, இரண்டு கைகளும் சேர்ந்து காட்டுபவை 13. இவை தவிர நிருத்த ஹஸ்தங்கள், அதாவது பொருள் சொல்லாமல் ஆட்டத்தின் அழகுக்காக வருபவை. நூல் தானே மொத்தம் 64 என்கிறது. அந்தக் கணக்குப்படி நிருத்த ஹஸ்தங்கள் 27 ஆகின்றன. பெயர்களை ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்து 30 என்று கொள்பவர்களும் உண்டு. ஆக, மூலநூலுக்குள்ளேயே எண்ணிக்கை ஒரு நிலையில் நிற்கவில்லை.

இது நாடகத்துக்காக எழுதப்பட்ட நூல் என்பதை மறந்துவிடக் கூடாது. பரதர் மனத்தில் இருப்பவர்கள் வசனம் பேசி நடிக்கும் நடிகர்கள். அதனால்தான் அவர் கையின் வடிவத்தோடு நிறுத்திக்கொள்வதில்லை. பதாகத்தை எடுத்துக்கொள்வோம். அடி விழுவதற்கு, வெப்பத்துக்கு, உந்துவதற்கு, மகிழ்ச்சிக்கு, "நான்" என்ற செருக்குக்கு அந்தக் கையை நெற்றி அளவுக்கு உயர்த்த வேண்டும் என்கிறார். தீ, மழைத்தாரை, பூமாரி ஆகியவற்றுக்கு இரண்டு கைகளிலும் பதாகம் பிடித்து, விரல்களை விரித்து அசைக்க வேண்டும். கை எங்கே நிற்கிறது, எப்படி அசைகிறது, விரல் சேர்ந்திருக்கிறதா பிரிந்திருக்கிறதா என்பதெல்லாம் சேர்ந்துதான் பொருள் பிறக்கிறது. வடிவம் அதில் ஒரு பங்குதான். கை சுழலும் விதங்களுக்குக்கூட ஆவேஷ்டிதம், உத்வேஷ்டிதம், வியாவர்திதம், பரிவர்திதம் என்று நான்கு தனிப் பெயர்கள் வைத்திருக்கிறார்.

அதே அத்தியாயத்தில் பாத்திரத்தைப் பற்றியும் ஒரு விதி வருகிறது. உயர்ந்த பாத்திரங்களின் கை நெற்றிப் பகுதியில் இயங்கும், நடுத்தரப் பாத்திரங்களுக்கு மார்பளவில், கீழ்நிலைப் பாத்திரங்களுக்கு அதற்கும் கீழே. உயர்ந்தவர்களுக்குக் கையசைவு குறைவு, மற்றவர்களுக்கு அதிகம். இந்தப் படிநிலையில் அன்றைய சமூகத்தின் பார்வை இருக்கிறது, அதை மறைக்க வேண்டியதில்லை. ஆனால் நடிப்புக் கலையின் கோணத்தில் பார்த்தால், கையை அள்ளி வீசுவது பெரிய நடிப்பு ஆகாது என்ற கூர்மையான கவனிப்பும் அதில் சேர்ந்திருக்கிறது.

எனக்கு இந்த அத்தியாயத்தில் மிகவும் பிடித்த பகுதி, கையே காட்டக் கூடாத இடங்களின் பட்டியல். மனம் உடைந்தவன், மூர்ச்சையானவன், பயந்தவன், அருவருப்பிலும் சோகத்திலும் வாடுபவன், உறங்குபவன், நோயாளி, மூப்பால் தளர்ந்தவன், குளிரில் நடுங்குபவன், குடிமயக்கத்தில் இருப்பவன், பித்துப் பிடித்தவன், சிந்தனையில் ஆழ்ந்தவன், தவத்தில் இருப்பவன், கட்டப்பட்டிருப்பவன் என்று அது நீள்கிறது. இவர்களை நடிக்கும்போது ஹஸ்த அபிநயம், அதாவது கையால் பொருள் காட்டும் நடிப்பு, செய்யக் கூடாது. அங்கே சத்துவம், அதாவது உள்ளிருந்து எழும் உணர்வு, வேலை செய்ய வேண்டும் என்கிறார் பரதர். கைகளுக்கு இவ்வளவு விரிவாக இலக்கணம் எழுதிய ஒருவர், கை ஓய வேண்டிய இடத்தையும் இவ்வளவு விரிவாகச் சொல்லியிருக்கிறார். சோகப் பதத்தில் வரிக்கு வரி முத்திரை அடுக்கும் பழக்கம் உள்ளவர்கள் இந்தப் பகுதியைக் கட்டாயம் படிக்க வேண்டும்.

சுருக்கிச் சொல்லப்பட்ட நூல்

இன்று பரதநாட்டியம், குச்சிப்புடி வகுப்புகளில் மனப்பாடம் செய்யப்படுவது நாட்டிய சாஸ்திரம் அல்ல, நந்திகேசுவரர் பெயரில் வழங்கும் அபிநய தர்ப்பணம். காலம் பற்றி அறிஞர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. ஆனால் பரதருக்குப் பிந்திய ஒரு மேடையை அது காட்டுகிறது என்பது படித்தாலே புரியும். 300-க்குச் சற்று அதிகமான சுலோகங்கள்தான்.

இந்த நூலின் ஒரு பாடத்தில், அதாவது சுவடிகளில் கிடைக்கும் வடிவங்களில் ஒன்றில், அது பிறந்த கதையும் வருகிறது. அசுரர் சபையில் நடசேகரன் என்றொரு நடனக்காரன் இருக்கிறான். அவனை வெல்ல வேண்டும் என்று இந்திரன் நந்திகேசுவரரிடம் வந்து நிற்கிறான். அவர் 4000 சுலோகம் கொண்ட பரதார்ணவத்தைக் கேள் என்கிறார். அவ்வளவு பெரியது வேண்டாம், சுருக்கிச் சொல்லுங்கள் என்று இந்திரன் கேட்க, அப்படி வந்ததுதான் அபிநய தர்ப்பணம். கதை கதையாகவே இருக்கட்டும். நூல் தன்னைச் சுருக்கம் என்று தானே அறிமுகப்படுத்திக்கொள்கிறது என்பதை மட்டும் கவனியுங்கள்.

அந்தச் சுருக்கத்தின் விளைவு பதாகத்திலேயே தெரிகிறது. "நாட்யாரம்பே வாரிவாஹே வனே வஸ்துநிஷேதனே" என்று தொடங்கும் சுலோகத்தை நாட்டியம் கற்ற குழந்தைகள் தூக்கத்திலும் சொல்வார்கள். நடனத்தின் தொடக்கம், மேகம், காடு, வேண்டாம் என்று மறுப்பது, மார்பு, இரவு, ஆறு, தேவர் உலகம், குதிரை, வெட்டுவது, காற்று, படுக்கை என்று பயன்கள் வரிசையாக வருகின்றன. எங்கே உயர்த்துவது, எப்படி அசைப்பது என்ற குறிப்புகள் அநேகமாக இல்லை. ஒரே நேர்க்கை மேகமாகவும் குதிரையாகவும் மாறுவது எப்படி? அதை ஆசிரியர் காட்டித்தான் தெரிந்துகொள்ள வேண்டும். பரதர் எழுத்தில் வைத்த இயக்கத்தை அபிநய தர்ப்பணம் குருவின் உடலில் விட்டுவைத்தது. நினைவில் நிறுத்த எளிய நூல் இது, ஆனால் தனியாகப் படித்துக் கற்க முடியாத நூல்.

எண்ணிக்கையிலும் மாற்றம் இருக்கிறது. ஒற்றைக் கைகள் 24-லிருந்து 28 ஆகின்றன. வெறும் நான்கு கைகள் கூடின என்று நினைக்கத் தோன்றும். உண்மையில் அர்த்தபதாகம், மயூரம், சந்திரகலா, சிம்மமுகம், திரிசூலம் என்று ஐந்து புதிதாக வந்து, ஊர்ணநாபம் என்ற ஒன்று வெளியே போயிருக்கிறது. ஊர்ணநாபம் என்பது சிலந்தி போல விரல்கள் வளைந்த கை. மயிரைப் பிடிப்பது, திருட்டுப் பொருளை வாங்குவது, தலையைச் சொறிவது, தொழுநோய், கல்லை எடுப்பது, சிங்கம் புலி ஆகியவற்றைக் காட்டுவது என்று பரதர் அதற்குப் பல வேலைகள் கொடுத்திருந்தார். அபிநய தர்ப்பணத்தில் சிங்கத்துக்கே தனியாக ஒரு கை கிடைத்துவிட்டது. பரவலாகக் கற்பிக்கப்படும் பாடத்தில் சிலந்திக் கை இல்லை. சில பாடங்களில் இந்த 28-க்கு மேலும் சில கைகள் சேர்ந்து வருகின்றன.

இரட்டைக் கைகளில்தான் பெரிய பெயர்ச்சி நடந்திருக்கிறது. பரதரின் 13-ல் அஞ்சலி, கபோதம், கற்கடகம், ஸ்வஸ்திகம், தோலம், புஷ்பபுடம், உத்சங்கம், கடகாவர்த்தனம் என்று 8 மட்டும் தங்கின. நிஷதம், மகரம், கஜதந்தம், அவஹித்தம், வர்த்தமானம் ஆகிய 5 காணாமல் போயின. புதிதாக 15 வந்து மொத்தம் 23 ஆனது. வந்தவை எவை என்று பாருங்கள்: சிவலிங்கம், சங்கு, சக்கரம், மத்ஸ்யம், கூர்மம், வராகம், கருடன், நாகபந்தம், வண்டி, கட்டில். பரதரின் இரட்டைக் கைகள் பெரும்பாலும் மனித உடலின் நிலையைப் பேசின. கபோதம் குளிருக்கும் பயத்துக்கும், கற்கடகம் தூங்கி எழுந்து சோம்பல் முறிப்பதற்கும் கன்னத்தில் கை தாங்குவதற்கும். அபிநய தர்ப்பணத்தின் புதுக் கைகளோ பொருள்களையும் தெய்வச் சின்னங்களையும் வரைகின்றன. நாடக மேடையில் நடிகன் உடம்போடு நின்ற கை, தெய்வக் கதையைத் தனி ஆளாக ஆடும் கலைஞரின் கையாக மாறியிருக்கிறது என்றுதான் நான் இதைப் புரிந்துகொள்கிறேன். ஒரே ஆள் சிவனாகவும் பார்வதியாகவும் முருகனாகவும் மாறி மாறி நிற்க வேண்டும் என்றால், பார்த்தவுடன் அடையாளம் தெரியும் உருவக் கைகள் தேவைப்படும் அல்லவா?

இந்த நூலில் தேவ ஹஸ்தங்கள், தசாவதார ஹஸ்தங்கள், நவக்கிரக ஹஸ்தங்கள், உறவுமுறை ஹஸ்தங்கள் என்று தனிப் பகுதிகளே இருப்பது இந்த எண்ணத்தை வலுவாக்குகிறது. இடக்கையில் சிகரம், வலக்கையில் மிருகசீர்ஷம் என்ற ஒற்றைக் கைகளைப் பிடித்தால் கணவன் மனைவி. சக்களத்தியைக் காட்ட வேண்டுமா? முதலில் பாச ஹஸ்தம், அப்புறம் இரண்டு கைகளிலும் பெண்ணைக் குறிக்கும் மிருகசீர்ஷம். பாசம் என்பது இரு சுட்டுவிரல்களும் கொக்கியாக மாட்டிக்கொண்ட கை. அதே நூல் அதற்குத் தரும் முதல் பொருள் ஒருவருக்கொருவர் சண்டை. ஒரு குடும்பச் சிக்கலை இரண்டே கை மாற்றத்தில் சொல்லிவிடும் இந்தச் சிக்கனம், மேடையில் வருடக்கணக்காக ஆடிப் பார்த்தவர்களின் கண்டுபிடிப்பாகத்தான் இருக்க முடியும்.

அபிநய தர்ப்பணத்தோடு சேர்த்து வழங்கும் இன்னொரு மரபு ஒவ்வொரு கைக்கும் பிறப்புக்கதை, ரிஷி, நிறம், வருணம், அதிதேவதை எல்லாம் சொல்கிறது. பிரம்மா பரப்பிரம்மத்தின் முன் சென்று "ஜய" என்று வாழ்த்தியபோது கொடிபோல் உயர்ந்த கைதான் பதாகம், அதன் நிறம் வெள்ளை, வருணம் அந்தணர் என்கிறது. விரல்களுக்குக்கூட சாதி வகுத்த மனநிலை எனக்கு உவப்பானதல்ல. நாட்டிய சாஸ்திரத்தின் 9-ஆம் அத்தியாயம் கைகளை இப்படிப் பிரிக்கவில்லை என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

இடையில் வந்த நூல்கள்

இந்த இரண்டு நூல்களுக்கு வெளியிலும் நிறைய எழுதப்பட்டது. விஷ்ணுதர்மோத்தர புராணத்தின் மூன்றாம் காண்டத்தில் நடனத்துக்கும் ஓவியத்துக்கும் அடுத்தடுத்து அத்தியாயங்கள் உள்ளன. சிற்பம் அறிய ஓவியம் தெரிய வேண்டும், ஓவியம் அறிய நடனம் தெரிய வேண்டும் என்று மார்க்கண்டேயர் வஜ்ர மன்னனுக்குச் சொல்லும் புகழ்பெற்ற உரையாடல் இதில்தான் வருகிறது. நடனத்துக்குச் சொன்ன பார்வைகளும் கைகளும் ஓவியத்துக்கும் பொருந்தும் என்கிறது. வழிபாட்டில் பயன்படும் முத்திரைகளுக்கும் இதே நூலில் தனி இடம் உண்டு. பூஜை முத்திரையும் நாட்டியக் கையும் பக்கத்தில் பக்கத்தில் வைக்கப்பட்டாலும் கலந்துவிடவில்லை.

கி.பி. 1000-ஐ ஒட்டி காஷ்மீரில் அபிநவகுப்தர் நாட்டிய சாஸ்திரத்துக்கு அபிநவபாரதி என்ற பேருரை எழுதினார். 12-ஆம் நூற்றாண்டில் மேலைச் சாளுக்கிய மன்னன் மூன்றாம் சோமேசுவரனின் மானசோல்லாசம் அரண்மனைக் கேளிக்கைகளில் ஒன்றாக நடனத்தைப் பேசியது. 13-ஆம் நூற்றாண்டில் தேவகிரி யாதவர் அரசவையில் சார்ங்கதேவர் சங்கீத ரத்னாகரம் எழுதினார். அவருடைய பாட்டனார் காஷ்மீரிலிருந்து தக்காணம் வந்தவர். அதன் 7-ஆம் அத்தியாயம் நடனம். ஒற்றைக் கை 24, இரட்டைக் கை 13 என்று சார்ங்கதேவர் பரதர் வழியிலேயே போகிறார். காகதீய கணபதிதேவனின் யானைப்படைத் தலைவர் ஜாயப சேனாபதி 1253-54-ல் எழுதிய நிருத்த ரத்னாவளி வேறொரு வகையில் முக்கியமானது. அதன் எட்டு அத்தியாயங்களில் முதல் நான்கு மார்க்கம், பின் நான்கு தேசி. பழைய நூல் வழியையும், கண்முன் மக்கள் ஆடும் ஆட்டங்களையும் தனித்தனியாகப் பிரித்துச் சரிபாதி இடம் கொடுத்த படைத்தலைவர் அவர்.

அஸ்ஸாமின் சத்ரியா நடனத்துக்கு சுபங்கரரின் ஸ்ரீஹஸ்தமுக்தாவளி. கேரளத்தில் சம்ஸ்கிருத நாடக ஆட்டமான கூடியாட்டத்துக்கும் கதகளிக்கும் ஹஸ்தலக்ஷண தீபிகா. தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு விடை இங்கே இருக்கிறது. ஹஸ்தலக்ஷண தீபிகாவிலும் அடிப்படைக் கைகள் 24-தான், ஆனால் பரதரின் அதே 24 அல்ல. பெயர்கள் பல ஒன்றாக இருந்தாலும் வடிவங்கள் இடம் மாறியுள்ளன. பரதரிடம் இரட்டைக் கையாக இருந்த அஞ்சலி, வர்த்தமானம் ஆகியவற்றின் பெயர்கள் இங்கே அடிப்படை 24-க்குள் வந்துவிட்டன. அபிநய தர்ப்பணம் கைவிட்ட ஊர்ணநாபம் இங்கே உயிரோடு இருக்கிறது. ஒரு கையில் ஒரு முத்திரையும் மறு கையில் வேறொரு முத்திரையும் சேர்த்துச் சொல் உண்டாக்கும் "மிச்ர" முறையை இந்த மரபு பெரிதாக வளர்த்தது. வாசகத்தைச் சொல் சொல்லாகக் கையால் பேசும் கூடியாட்டத்தில், பன்மைக்கும் வேற்றுமை உருபுக்கும்கூடக் கை உண்டு. அவ்வளவு நுணுக்கமாகப் பேச வேண்டிய மேடை தனக்கேற்ற கைகளை உருவாக்கிக்கொண்டது. பரதநாட்டியத்தின் பதாகத்தை அளவுகோலாக வைத்து கதகளியின் பதாகத்தைப் பிழை என்று சொல்ல வழியே இல்லை.

தமிழில் என்ன இருந்தது என்று கேட்கலாம். சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை பிண்டி, பிணையல், எழிற்கை, தொழிற்கை என்று நான்கையும் சொல்கிறது. பிண்டி ஒற்றைக் கை, பிணையல் இரட்டைக் கை, எழிற்கை அழகுக்காக வருவது, தொழிற்கை தொழிலைக் காட்டுவது. பரதரின் அசம்யுதம் (ஒற்றைக் கை), சம்யுதம் (இரட்டைக் கை), நிருத்தம் என்ற பகுப்போடு இது வெகுவாக ஒத்துப்போகிறது. ஆனால் உரையாசிரியர் அடியார்க்கு நல்லார் தரும் எண்ணிக்கை பரதரிடமும் இல்லை, நந்திகேசுவரரிடமும் இல்லை. ஒற்றைக் கை 33, இரட்டைக் கை 15 என்கிறார். பதாகை, திரிபதாகை, கபித்தம் என்று தெரிந்த பெயர்களுக்கு நடுவே இளம்பிறை, விற்பிடி, குடங்கை, மான்றலை, வலம்புரி என்று தமிழ்ப் பெயர்கள் வருகின்றன. அவர் தன் உரைக்கு ஆதாரமாகப் பரதசேனாபதீயம், மதிவாணர் நாடகத் தமிழ்நூல் போன்றவற்றைக் குறிப்பிடுகிறார். சம்ஸ்கிருத நூல்களோடு கொண்டும் கொடுத்தும் வளர்ந்த, ஆனால் தனக்கென்று கணக்கு வைத்திருந்த ஒரு மரபு அது. நம் நாட்டிய வகுப்புகளில் இந்தப் பட்டியல் அநேகமாகச் சொல்லித் தரப்படுவதில்லை என்பது எனக்குப் பெரிய குறை.

அச்சில் ஏறிய பிறகு

இத்தனை நூல்கள் இருக்க, அபிநய தர்ப்பணம் மட்டும் எப்படி "சாஸ்திரம்" ஆனது? அச்சுக்கு அதில் பெரிய பங்கு. 19-ஆம் நூற்றாண்டிலேயே அது தெலுங்கு எழுத்தில் அச்சாகிப் புழங்கியது. அந்தத் தெலுங்கு எழுத்துப் பதிப்பைக் கொண்டு ஆனந்த குமாரசாமியும் கோபாலகிருஷ்ணய்ய துக்கிராலாவும் 1917-ல் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார்கள். 1934-ல் மனோமோகன் கோஷ் கல்கத்தாவில் சுவடிகளை ஒப்பிட்டுப் பதிப்பித்தார். நாட்டிய சாஸ்திரமோ பெரிய நூல், பாடபேதங்கள் மிகுந்தது. அபிநவபாரதியோடு சேர்ந்த பரோடா பதிப்பின் முதல் தொகுதி 1926-ல்தான் வந்தது. 1930-களில் பரதநாட்டியம் புது மேடைக்கு வந்து, 1936-ல் கலாக்ஷேத்ரா போன்ற பள்ளிகள் தோன்றி, வகுப்பறைக் கல்வி என்ற ஒன்று உருவானபோது, கையடக்கமான பாடநூல் தேவைப்பட்டது. சிறியதாக, மனப்பாடத்துக்கு ஏற்றதாக அபிநய தர்ப்பணம் தயாராக இருந்தது. அதைத் தேர்ந்ததில் தவறில்லை. ஆனால் பரம்பரையாக ஆடி வந்த குடும்பங்களில் கையோடு சேர்ந்தே வந்த இயக்கமும் இடமும் பார்வையும், பாடநூலும் சுவர்ப்படமும் முதன்மையான வகுப்பறைகளில் பின்னுக்குப் போயின. 28 கட்டங்களில் 28 அசையாத கைகள் என்ற படம் மனத்தில் பதிந்துவிட்டது.

பரதரே அப்படி நினைக்கவில்லை. கைகளைப் பட்டியலிட்ட பிறகு, இவை தவிர உலக வழக்கில் பொருளோடு வழங்கும் மற்றக் கைகளையும், ரசபாவங்களுக்கு ஏற்ப, விருப்பம்போல் பயன்படுத்தலாம் என்று வெளிப்படையாக அனுமதி தருகிறார். இடம், காலம், நிகழ்ச்சி, பொருள் ஆகியவற்றைப் பார்த்தே கைகளைக் கையாள வேண்டும் என்றும் சொல்கிறார். அபிநய தர்ப்பணம் ஐந்து கைகளைச் சேர்த்ததும், கேரளம் வடிவங்களை மாற்றியதும், அடியார்க்கு நல்லார் 33 எண்ணியதும் இந்த அனுமதிக்குள் அடங்கும். புதிய பொருளுக்குப் புதிய கை உருவாக்கும் இன்றைய கலைஞரும் இதற்குள்தான் நிற்கிறார்.

நாட்டியம் கற்பிப்பவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் இருக்கிறது. வகுப்பில் பதாக விநியோகம், அதாவது பதாகத்தின் பயன்களைச் சொல்லும் சுலோகம், சொல்லித் தரும் அன்றே, நாட்டிய சாஸ்திரம் பதாகத்துக்குச் சொன்ன இயக்கங்களையும் செய்து பார்க்க வைக்கலாம். மழைத்தாரைக்கு விரல் பிரிந்து அசைய வேண்டும், செருக்குக்குக் கை நெற்றிக்குப் போக வேண்டும் என்பதை ஒரு குழந்தை தன் உடலில் உணர்ந்துவிட்டால், சுலோகத்தில் வரும் மேகமும் ஆறும் குதிரையும் எப்படி வெவ்வேறாக அசையும் என்று அதுவே கேட்கத் தொடங்கும். சுவரில் மாட்டும் படத்தின் கீழே "அபிநய தர்ப்பணத்தின்படி" என்று ஒரு வரி சேர்த்துவிட்டால், நாளை கதகளி பார்க்கும்போது அந்தக் குழந்தை தவறு என்று சொல்லாது, அவர்களுடைய நூல் எது என்று கேட்கும்.